மரத்தின் பெயரும் வேரின் விலையும்

1535-ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுவில், இன்று கியூபெக் நகரம் நிற்கும் இடத்துக்கு அருகே, செயிண்ட் லாரன்ஸ் மாநதியில் வந்து விழும் ஒரு சிற்றாற்றின் முகத்தில், மூன்று பிரெஞ்சுக் கப்பல்கள் பனிக்கட்டியில் இறுகிப்போய் நின்றன. அவற்றின் தலைவரான ஜாக் கார்த்தியே காற்றையும் நீரோட்டத்தையும் நன்கறிந்த மாலுமிதான். ஆயினும், பாரிஸ் நகரத்தைவிடச் சற்றுத் தெற்கே அமைந்த ஓரிடத்தில் ஆற்று நீர் ஐந்து மாத காலம் பாறையாகக் கிடக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. கப்பலின் உட்சுவர்களில் விரல் கனத்துக்கும் மேலாகப் பனி படிந்தது. குடிப்பதற்கு வைத்திருந்த பானங்களெல்லாம் பீப்பாய்களுக்குள்ளேயே உறைந்துபோயின. உப்பிட்ட இறைச்சியையும் காய்ந்த ரொட்டியையும் தின்றுகொண்டு வசந்தத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர அந்த 110 பேருக்கும் வேறு கதியில்லை.

டிசம்பரில் நோய் புகுந்தது. முதலில் கால்கள் வீங்கின. பின்னர் நரம்புகள் கரிபோல் கருத்துச் சுருங்கின. அப்பால் வீக்கம் இடுப்புக்கும் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறிற்று. ஈறுகள் அழுகிப் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஸ்கர்வி என்று பிற்காலத்தார் நன்கறிந்த அந்த வியாதிக்கு அப்போது அவர்களிடம் பெயரும் இல்லை, பரிகாரமும் இல்லை. பிப்ரவரி நடுவில், 110 பேரில் தம் காலில் நிற்கக்கூடியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. பிலிப் ரூழ்மோன் என்னும் இருபத்திரண்டு வயது வாலிபர் இறந்தபோது, காரணம் ஏதேனும் புலப்படுமோ என்னும் ஆசையில் கார்த்தியே அந்தச் சடலத்தை அறுத்துப் பார்க்கச் சொன்னார். இருதயம் வெளுத்து வாடி, அதைச் சுற்றிச் செந்நீர் தேங்கி நின்றதாம். கண்டது அவ்வளவே, கண்டதனால் தெளிந்தது ஒன்றுமில்லை.

அருகில் ஸ்டாடகோனா என்ற பூர்வகுடிகளின் கிராமம் இருந்தது. தம்மவர் இவ்வளவு பலவீனப்பட்டிருப்பது அந்த ஊராருக்குத் தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்று கார்த்தியே அஞ்சினார். ஊரார் கப்பலருகே வரும்போதெல்லாம், எழுந்திருக்க இயலாத நோயாளிகளைக்கூடக் கையில் கல்லையும் கட்டையையும் கொடுத்துப் பலகைகளைத் தட்டச் செய்து, உள்ளே மும்முரமாக மராமத்து நடப்பதுபோல் ஓசை எழுப்பினாராம். சாகக் கிடப்பவர்கள் உழைப்பதாக நடித்த அந்தச் சத்தத்தை நினைக்கும்போது சிரிப்பதா இரங்குவதா என்று தெரியவில்லை.

அந்தக் கிராமத் தலைவரான டொன்னகோனாவின் புதல்வர்களில் ஒருவர் டொமகாயா. முந்திய ஆண்டு கார்த்தியே தம் முதற்பயணத்தின்போது அவரையும் அவர் சகோதரரையும் பிரான்ஸ் தேசத்துக்குக் கொண்டுபோயிருந்தார். ஆகவே அவர்களுக்குப் பிரெஞ்சு மொழி பேச வந்தது. ஒரு நாள் பனிமேல் உலாவிக்கொண்டிருந்த கார்த்தியே, பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் முழங்கால் பெரிதாக வீங்கிப் பற்கள் கெட்டுக் கிடந்த அதே டொமகாயா, திடகாத்திரமாக நடந்து வருவதைக் கண்டார். எப்படிக் குணமாயிற்று என்று கேட்டார். அப்போதும் தம் ஆட்களின் நிலையை அவர் வெளியிட்டாரில்லை. பணியாள் ஒருவனுக்குச் சற்றே சுகமில்லை, அவனுக்காகவே கேட்கிறேன் என்றார். டொமகாயா அதற்குமேல் ஒன்றும் விசாரியாமல், ஒரு மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் கஷாயத்தால் தாம் பிழைத்ததாகச் சொல்லி, அதைக் காட்டிக் கொடுப்பதற்கு இரண்டு பெண்களை உடன் அனுப்பினார்.

அவ்விரு பெண்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஒன்பது பத்துக் கிளைகளை அவர்கள் ஒடித்து வந்தார்கள். பட்டையையும் இலையையும் உரித்து, இடித்து, நீரில் கொதிக்க வைத்தார்கள். அந்த நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கவும், அடியில் தங்கும் சக்கையை வீங்கிய கால்களில் வைத்துக் கட்டவும் கற்பித்தார்கள். மரத்தின் பெயர் அனெட்டா. முதலில் அதைத் தொடவே மாலுமிகள் தயங்கினர். சாவதென்று தீர்மானமான ஓரிருவர் துணிந்து குடித்தனர். குடித்த சில வேளைகளுக்குள் உடம்பு தெளிந்தது. பின்னர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அதற்காக முண்டியடித்தார்கள். ஓக் மரம் போலப் பருத்து உயர்ந்து நின்ற ஒரு முழு மரம் எட்டு நாட்களுக்குள் இலையும் பட்டையும் இழந்து தீர்ந்தது. இருபத்தைந்து பேர் அதற்கு முன்பே மாண்டிருந்தனர், எஞ்சியவர் பிழைத்தனர்.

பிழைத்தவர்கள் செய்த பிரதியுபகாரத்தையும் சொல்லித்தானே ஆகவேண்டும். மே மாதம் 3-ஆம் தேதி, கரையில் சிலுவை நாட்டி விழாக் கொண்டாடிய அன்றே, கார்த்தியே டொன்னகோனாவையும் அவருடைய இரு புதல்வர்களையும் வேறு சிலரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றினார். அப்படிப் பிரான்சுக்குப் போனவர்கள் பத்துப் பேர். மருந்து சொன்ன டொமகாயாவும் அவர்களுள் ஒருவர். 1541-இல் கார்த்தியே மீண்டும் அந்தக் கரையில் இறங்கியபோது, ஒரு சிறு பெண்ணைத் தவிர மற்ற அனைவரும் இறந்துபோயிருந்தார்கள். டொன்னகோனா காலமானார் என்பதை மட்டும் ஊராரிடம் ஒப்புக்கொண்டு, மற்றவர்கள் அங்கே பிரபுக்களைப்போல் மணம் புரிந்து வாழ்கிறார்கள், ஆகையால் திரும்பி வர மனமில்லை என்று அவர் சொன்னார்.

அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் ஸ்டாடகோனா கிராமம் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. அதனோடு அனெட்டா என்ற சொல்லைப் பேசிய நாவும் மறைந்தது. 1604-ஆம் ஆண்டின் குளிர்காலத்தைச் செயிண்ட் குரோவா என்னும் சிறு தீவில் கழித்த பிரெஞ்சுக்காரர் 79 பேரில் 35 பேர் அதே நோயால் மடிந்தார்கள். அந்தத் தீவில் ஊசியிலை மரங்களுக்குப் பஞ்சமே இல்லை. மருந்து தலைக்குமேல் பச்சையாக அசைந்துகொண்டிருக்க, அதன் கீழே குழி தோண்டிப் பிணங்களைப் புதைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஷாம்ப்ளேன், கார்த்தியேயின் ஏட்டைப் படித்தவர். அனெட்டா என்பது ஏதோ ஒரு பூண்டு என்று எண்ணிக்கொண்டு அதைத் தேடித் திரிந்தவர். கடற்கரையோரப் பயணத்தில் அவர் ஒரு பூர்வகுடித் தலைவரைச் சந்தித்தார். அந்தத் தலைவரின் பெயரே அனெடா. இவருடைய வம்சத்தார்தாம் அம்மருந்தைக் கண்டுபிடித்தவர்களாக இருக்கவேண்டும் என்று ஷாம்ப்ளேனுக்குத் தோன்றிற்று. ஆனால் விசாரித்ததில், அந்த மனிதருக்கோ அவருடைய ஜனங்களுக்கோ அப்படி ஒரு பூண்டைப் பற்றிச் செவிவழிச் செய்திகூட இல்லை. சொல் ஓர் இனத்தாருடையது. கேட்கப்பட்டவர் வேறோர் இனத்தார். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் எல்லோரும் ஒன்றாகவே தெரிந்தார்கள். இந்தியாவை அடைந்துவிட்டதாக நினைத்த கொலம்பஸின் பிழையால் நம் நாட்டுப் பெயரைச் சுமக்க நேர்ந்த அந்த எண்ணற்ற சமூகங்களுக்கு, இந்த ஒரே பெயர் விளைத்த குழப்பங்களில் இதுவும் ஒன்று.

அனெட்டா எந்த மரம் என்பதில் தாவர சாஸ்திரிகளிடையே இன்றும் ஏகமனதான முடிவில்லை. வெள்ளை சிடார் என்பார் பலர். பால்சம் ஃபிர் என்பார் சிலர். ஸ்புரூஸ் என்பாரும் உண்டு. இவற்றின் தழைகளிலெல்லாம் வைட்டமின் 'சி' சத்து இருக்கிறது. அந்தச் சத்து இன்னதென்று ஐரோப்பியரும் அமெரிக்கரும் பிரித்தறிந்தது 1932-ஆம் ஆண்டில். ஆகவே பிழைப்பித்தது எதுவாயிருந்தாலும் வியப்பில்லை. வியப்பெல்லாம், அத்தனை உயிர்களைக் காத்த மரத்தின் அடையாளத்தை ஒரு வரியில் குறித்து வைக்கவோ, சொன்னவர்களை அவர்கள் ஊரிலேயே விட்டுவைக்கவோ எவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான். உயிர் போகும் அவசரத்தில் கேட்ட கேள்வி அது; அவசரம் தீர்ந்ததும் விடையும் மறந்துபோயிற்று.

விலை பேசும் கேள்வியை மட்டும் மனிதர் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. அதே நதிக்கரையில் நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் கேட்கப்பட்ட வேறொரு கேள்வியின் கதை, இன்றுவரை முடியாமல் நீள்கிறது.

அந்தக் கதை தொடங்குவது அமெரிக்காவில் அன்று, சீனத்தில். காங்ஷி சக்கரவர்த்தியின் ஆணைப்படி மஞ்சூரியப் பிரதேசத்துக்குத் தேசப்படம் வரைந்துகொண்டிருந்த ஏசு சபைப் பாதிரிமார்களில் ஒருவர் பியேர் ஜார்தூ. 1709-ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில், கொரிய எல்லைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில், ஊரார் அவருக்கு ஒரு கூடையில் நான்கு முழுச் செடிகளை வேரோடு கொண்டுவந்து காட்டினார்கள். சீன வைத்தியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஜின்செங் அதுதான். அவ்வாண்டு அதைச் சேகரிப்பதற்கென்றே சக்கரவர்த்தி பதினாயிரம் பேரைக் காடுகளுக்கு அனுப்பியிருந்தார். ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் சிறந்த வேர் அரசருக்குச் செலுத்திவிட வேண்டும், மிகுந்ததற்கு நிறைக்கு நிறை வெள்ளி கொடுக்கப்படும் என்பது ஏற்பாடு. ஜார்தூ வேரில் பாதியை மென்று பார்த்தார்; ஒரு மணி நேரத்தில் நாடி நிமிர்ந்து பசி எடுத்ததாம். மற்றொரு நாள் குதிரைமேல் உட்காரவும் முடியாத களைப்பில் மறுபடியும் அதை உட்கொண்டு, களைப்பு போன இடம் தெரியவில்லை என்று எழுதினார். செடியை அதன் அளவிலேயே படமும் வரைந்தார். 1711-இல் எழுதிய அக்கடிதத்தில், அவர் போகிற போக்கில் ஓர் ஊகத்தையும் சேர்த்திருந்தார்: உலகில் வேறெங்கேனும் இச்செடி இருக்குமானால், மலையும் காடும் இதே விதமாக அமைந்த கனடாவில்தான் இருக்கும் என்பது அது. ஒரு மனிதர் தாம் பார்த்திராத கண்டத்தைப் பற்றிச் சொன்ன வாக்கு இவ்வளவு துல்லியமாகப் பலித்தது அபூர்வம்.

அக்கடிதம் அச்சாகி, கடல் கடந்து, 1715 அக்டோபரில் கியூபெக்கில் மற்றோர் ஏசு சபைப் பாதிரியாரின் கைக்கு வந்தது. ஜோசப் பிரான்சுவா லஃபித்தோ என்னும் அவர், மாண்ட்ரியலுக்கு எதிர்க்கரையில் உள்ள கானவாகே என்ற மோஹாக் கிராமத்தில் வசித்துவந்தார். பாதிரியார் என்பதைவிட, பிறருடைய ஆசாரங்களை உற்றுப் பார்ப்பதில் தணியாத ஆசை கொண்ட மாணவர் என்று அவரைச் சொல்லவேண்டும். பூர்வகுடிகளின் பழக்கவழக்கங்களைக் குறித்து 1724-இல் அவர் வெளியிட்ட பெரும் நூல், மானிடவியல் என்ற சாஸ்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைபெறுவதற்கு முன்பே அதன் வழியைக் காட்டியது என்பார்கள். அவர் அடுத்த ஆண்டு காட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் அச்செடியைத் தேடினார், கிடைக்கவில்லை. தேடுவதைக் கைவிட்டிருந்த ஒரு வேளையில், கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் அருகே, செக்கச் சிவந்த ஒரு பழக்கொத்து அவர் கண்ணில் பட்டது. பிடுங்கி எடுத்துக்கொண்டு போய், தமக்காகத் தேடும்படி தாம் முன்னரே சொல்லி வைத்திருந்த ஒரு மோஹாக் மாதிடம் காட்டினார்.

அந்த அம்மாள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். கண்டுபிடிப்பு என்று பாதிரியார் எதை நினைத்துப் பூரித்தாரோ, அது அந்த அம்மாளுக்குச் சாதாரண வீட்டு மருந்து! பல மாதங்களாக விட்டுவிட்டு வந்த காய்ச்சல் ஒன்று அவருக்கு அப்போது இருந்தது. இன்னின்ன குணம் இதற்கு உண்டென்று சீனர் சொல்வதாகப் பாதிரியார் எடுத்துரைக்கவே, அவர் வேரை இரண்டு கற்களுக்கிடையே நசுக்கிக் குளிர்ந்த நீரில் இட்டுக் குடித்தார். மறுநாள் காய்ச்சல் விட்டதாக லஃபித்தோ எழுதுகிறார். ஜார்தூவின் படத்தை ஊரார் மற்றவரிடம் காட்டியபோது, தங்கள் காட்டுச் செடியைத்தான் யாரோ வரைந்திருக்கிறார்கள் என்று அவர்களும் சொன்னார்கள். மோஹாக் மொழியில் அதற்கு கரெந்தோகென் என்று பெயர். தொடையும் காலும் பிரிந்து நிற்பது என்னும் கருத்தை லஃபித்தோ அச்சொல்லில் கண்டார். ஜின்செங் என்ற சீனச் சொல்லும் மனித உருவத்தையே குறிப்பது. இரண்டு பெயர்களும் இப்படி ஒத்திருப்பதைக் கண்டு அவர் பரவசமடைந்து, அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்களே என்பதற்கு அதையும் ஓர் அத்தாட்சியாக்கினார். முடிவு பிற்கால ஆராய்ச்சியோடு ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் கவைத்த வேரைப் பார்த்த எவனுக்கும், அவன் எந்தத் தேசத்தானாயினும், மனிதனுடைய கால்கள்தானே நினைவுக்கு வரும்?

இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கியூபெக்கில் அரச வைத்தியராயிருந்த மிஷேல் சராசேன் இதே செடியின் மாதிரியைப் பாரிஸ் நகரத்து அரசத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். அது அங்கே காய்ந்த இலைகளோடு இலையாகக் கிடந்தது. லஃபித்தோ 1718-இல் ஓர்லியான் கோமகனுக்குச் சமர்ப்பித்த சிறு நூலுக்குப் பிறகோ, செடியின் பெயர் வணிகர் வாயில் ஏறிற்று. இலையைப் பார்த்தவர் ஒருவர். விலையைப் பார்த்தவர் பலர்.

அந்தச் செடியைச் சற்று அருகே சென்று பார்ப்போம். மேப்பிள் மரங்கள் கூரையாகக் கவிந்த நிழலில், உதிர்ந்த சருகுகள் மக்கிய கரிய மண்ணில், முழங்கால் உயரத்துக்கு மேற்படாமல் ஒரே தண்டாக அது எழும். தண்டின் உச்சியில் மூன்று அல்லது நான்கு காம்புகள் சுற்றிலும் விரியும். காம்பு ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் விரல்கள்போல் ஐந்து இலைகள், மூன்று பெரியன, அடியில் இரண்டு சிறியன. நடுவில் பசுமை கலந்த வெண்ணிறச் சிறு பூக்கள். அவை ஆகஸ்டு, செப்டம்பரில் சிவந்த பழக்கொத்தாகும். விதை மண்ணில் விழுந்தால் மறு வசந்தத்தில் முளைக்காது. அதற்கும் அடுத்த வசந்தம் வரை, ஏறக்குறைய பதினெட்டு மாதம், உறங்கும். முளைத்த பின்னும் அவசரமில்லை. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தண்டு முறிந்து விழும்போது, வேரின் கழுத்தில் ஒரு தழும்பு விழும். வேரைத் தோண்டி மண்ணை உதறிவிட்டு அந்தக் கழுத்தை நகத்தால் தடவிப் பார்த்தால், தழும்புகளைக் கொண்டே வயதை எண்ணிவிடலாம். இருபது, முப்பது தழும்புகள் உள்ள வேர்களும் உண்டு. ஒரு செடி தன் முழு வளர்ச்சியை அடையுமுன் அதைப் பிடுங்குகிறவர், அத்தனை குளிர்காலங்களையும் ஒரு நொடியில் பிடுங்கிவிடுகிறார்.

பிடுங்கினார்கள், கணக்கில்லாமல் பிடுங்கினார்கள். லின்னேயஸின் மாணவரான பீட்டர் கால்ம் என்ற சுவீடன் தேசத்து அறிஞர் 1749-இல் கனடாவுக்கு வந்தபோது, கியூபெக் வணிகருக்கும் மாண்ட்ரியல் வணிகருக்கும் பிரான்சிலிருந்து கடிதத்துக்குமேல் கடிதம் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு கிடைத்தாலும் அனுப்புங்கள் என்பதே எல்லாவற்றிலும் உள்ள வாசகம். மாண்ட்ரியலைச் சுற்றியிருந்த பூர்வகுடிகள் அனைவரும் காட்டிலேயே கிடந்தபடியால், வழக்கமாக அறுப்புக்கு வரும் அவர்களில் ஓர் ஆளைக்கூட அவ்வாண்டு பிரெஞ்சுக் குடியானவர்களால் கூலிக்குப் பிடிக்க முடியவில்லை என்று கால்ம் குறித்து வைத்திருக்கிறார். விளைந்த கோதுமை வயலில் நிற்க, உழாமல் விளைந்த வேருக்காக ஊரே காட்டுக்குள் போயிற்று. இந்த வேகத்தில் போனால் செடியே அற்றுப்போகும் என்றும் அவர் அஞ்சினார்.

தொடக்கத்தில் ராத்தல் இரண்டு பிராங்குக்கு விற்ற வேர் இருபத்தைந்து வரை ஏறியது. 1752-இல் கனடாவிலிருந்து ஏற்றுமதியான ஜின்செங்கின் மதிப்பு ஐந்து லட்சம் பிராங்கு. அவ்வாண்டே அதன் அழிவும் வந்தது. செப்டம்பரில் பழம் பழுத்த பின்பு தோண்டவேண்டிய வேரை, ஆசை பொறுக்காமல் மே மாதத்திலேயே தோண்டினார்கள். நிழலில் நாட்கணக்கில் மெல்ல உலர்த்தவேண்டியதை, கப்பல் புறப்படும் தேதிக்குள் முடிக்க அடுப்பில் வைத்து வாட்டினார்கள். கருகிச் சத்திழந்த சரக்கு கான்டன் துறைமுகத்தில் போய் இறங்கியபோது சீன வணிகர்கள் அதை மோந்து பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ஏற்றுமதி பழைய மதிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. ஏதேனும் ஒரு முயற்சி மளமளவென்று சரிந்துபோனால், ஜின்செங்கைப்போல் விழுந்தது என்று சொல்லும் வழக்கு கியூபெக்குப் பிரெஞ்சில் அதற்குப் பின் ஏற்பட்டது. விழுந்தது வேரன்று, வணிகரின் பேராசை. பழமொழிக்கு அந்த நுட்பமெல்லாம் தேவையில்லைபோலும்.

தெற்கே ஆங்கிலேயரின் காலனிகளில் அதே செடி அப்பலாச்சிய மலைத்தொடர் நெடுகிலும் வளர்ந்திருந்தது. அவை பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றுப் புதிய தேசமானபோது, தேயிலைக்கும் பட்டுக்கும் ஈடாகச் சீனருக்குக் கொடுக்க அவர்களிடம் போதிய வெள்ளி இல்லை. சீனர் விரும்பி வாங்கும் பொருளென்று காட்டில் இந்த வேர் இருந்தது. 1784 பிப்ரவரி 22-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து 'எம்ப்ரெஸ் ஆஃப் சைனா' என்ற கப்பல் 242 பீப்பாய்களில் சுமார் 30 டன் ஜின்செங்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஆகஸ்டு 28-ஆம் தேதி கான்டனுக்கு அருகில் நங்கூரம் பாய்ச்சியது. அமெரிக்கக் கொடி பறந்த கப்பல்களில் சீனத்தை முதலில் அடைந்தது அதுதான். பென்சில்வேனியா, வர்ஜீனியா மலைகளில் அலைந்து அவ்வேரைக் கொள்முதல் செய்தவர் கப்பலின் வைத்தியரே. மறு ஆண்டு மே மாதம் தேயிலையும் பட்டும் பீங்கானுமாக அது திரும்பியபோது, முதல் போட்டவர்களுக்கு ஏறக்குறைய 30,000 டாலர் லாபம் நின்றது.

அதே 1784 செப்டம்பரில் மேற்கு மலைகளைக் கடந்து சென்ற ஜார்ஜ் வாஷிங்டன், ஜின்செங் சுமந்த பொதிக்குதிரைகளோடு பலர் எதிரே வந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கெண்டக்கி நாட்டுக் காடுகளைத் திறந்தவர் என்று புகழப்படும் டேனியல் பூன், சில ஆண்டுகளுக்குப் பின் இந்த வேரைப் படகுக் கணக்கில் சேர்த்து விற்கக் கொண்டுபோனார். ஓஹையோ நதியில் படகு முழுகிச் சரக்கு நனைந்தது. மலைவாழ் ஏழைக் குடும்பங்கள் அதன் பெயரைச் 'சாங்' என்று சுருக்கிக்கொண்டன. வரி கட்டவும் குழந்தைகளுக்குக் குளிர்காலச் செருப்பு வாங்கவும் காசு வேண்டுமானால், ஒரு சிறு களைக்கொட்டை எடுத்துக்கொண்டு 'சாங்' தோண்டப் போவது அவர்களுடைய வாழ்க்கையாயிற்று.

இத்தனை பேர் கைமாறிய அவ்வேரை வாங்கியவர்களுக்கு ஒரு நியாயம் செய்துவிடவேண்டும். சீன வைத்தியர்கள் அதைத் தங்கள் நாட்டு வேருக்குப் போலியென்று தள்ளிவிடவில்லை. நிதானமாகப் பழகிப் பார்த்து, தங்கள் ஜின்செங் உடம்புக்குச் சூடு, மேற்குக் கடலிலிருந்து வந்தது குளிர்ச்சி என்று வகைப்படுத்தி, தங்கள் மருந்து நூல்களில் அதற்கென்று தனி இடம் கொடுத்தார்கள். மருந்தை மருந்தாக மதித்த பரிசோதனை அது. ஐரோப்பிய, அமெரிக்க வைத்தியர்களில் பெரும்பாலோர் அதைப் பெரிதாக எண்ணவேயில்லை. தாங்கள் நம்பாத ஒரு மருந்தை விற்றுத்தான் அவர்களுடைய நாட்டார் கப்பல் விட்டார்கள்.

அது வளர்ந்த மண்ணுக்கு உரியவர்கள் அதை எவ்வாறு வழங்கினார்கள் என்பதைத் தென் அப்பலாச்சிய மலைகளில் வாழ்ந்த செரோக்கி மக்களிடமிருந்து அறிந்து எழுதியவர் ஜேம்ஸ் மூனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அவர்களுடைய முதிய வைத்தியர்களோடு பழகி, தங்கள் எழுத்திலேயே அவர்கள் எழுதி வைத்திருந்த மந்திரச் சுவடிகளை அவர் பெற்றார். நோய் உலகத்துக்கு வந்ததைக் குறித்து அவர்களிடம் ஒரு புராணம் உண்டு. மனிதர் பெருகி, வேட்டையாடி, காலில் பட்டதையெல்லாம் மிதித்து நடந்தபோது, மான்களும் மீன்களும் பாம்புகளும் பறவைகளும் புழு பூச்சிகளும் வெவ்வேறு சபைகள் கூடி, மனிதனுக்கு ஆளுக்கொரு வியாதியை ஏற்படுத்தினவாம். அதைக் கேள்வியுற்ற செடிகொடிகள் மட்டும் மனிதனிடத்தில் இரக்கம் கொண்டு, ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு செடி பரிகாரமாவதென்று தங்களுக்குள் உடன்பட்டன. பயன் தெரியாத பூண்டென்று எதுவும் இல்லை, நமக்குத்தான் தெரியவில்லை என்பது இந்தக் கதையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட வைத்திய சித்தாந்தம்.

தலைவலிக்கும் வயிற்று இசிவுக்கும் பெண்களின் நோவுகளுக்கும் செரோக்கிகள் இவ்வேரைக் கொடுத்தார்கள். வலிக்கும் இடத்தில், மென்ற வேரை வாயால் ஊதுவதும் உண்டு. மலையேறி என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர்களுள் ஒன்று. மந்திரங்களில் சிறு மனிதன் என்று அழைப்பார்கள். தகுதியில்லாதவர் கண்ணுக்கு அது தன்னை மறைத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. மருந்து தேடிப் போகும் வைத்தியர், முதலில் எதிர்ப்படும் மூன்று செடிகளைத் தொடாமல் கடந்து செல்வார். நான்காவதன் முன் நின்று, அதனை மாபெரும் மந்திரவாதியே என்று விளித்து, உன் மாமிசத்தில் சிறிது எடுத்துக்கொள்ள உத்தரவு தா என்று பணிவோடு வேண்டுவார். பின்னரே தோண்டுவார். தோண்டிய குழியில் ஒரு பாசிமணியைப் போட்டு மண்ணை மூடுவார். அது செடிக்குக் கொடுக்கும் விலை. முப்பது டன் வேருக்கு எத்தனை மணி வேண்டியிருக்கும் என்று நியூயார்க் துறைமுகத்தில் எவரும் கணக்குப் பார்த்திருக்கமாட்டார்கள்.

காட்டு ஜின்செங் இன்று அரிதாகிவிட்டது. தோட்டத்தில் பயிரிடும் வித்தை 1880-களிலேயே தொடங்கி, இந்நாளில் விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணைகளில், பந்தல் நிழலின் கீழ் ஏக்கர் ஏக்கராக அது விளைகிறது. ஆயினும் ஹாங்காங் கடைகளில் காட்டு வேருக்கே மதிப்பு. 1975 முதல் அது சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது. கனடாவில் காட்டுச் செடியைத் தோண்டுவதே குற்றம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சில மாநிலங்கள் மட்டும் அனுமதிக்கின்றன. ஐந்து ஆண்டுக்குக் குறைந்த காட்டு வேரை ஏற்றுமதி செய்யக்கூடாது என்பதால், தோண்டுகிறவரும் வாங்குகிறவரும் வேரின் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தழும்புகளை எண்ணுகிறார்கள். பழம் சிவப்பதற்குமுன் தோண்டலாகாது. அந்த மாநிலங்கள் பலவற்றின் சட்டத்தில் மற்றொரு விதியும் இருக்கிறது. தோண்டியவர் அந்தச் செடியின் பழங்களை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அங்கேயே மண்டியிட்டு, பழத்தை விரலால் பிதுக்கி, விதைகளைத் தோண்டிய இடத்திலேயே இட்டு, மேலே சிறிது மண்ணையும் சருகையும் மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும்.